எட்டிக்கொட்டையும் கோஃபரும்: கனடியப் புல்வெளியில் ஒரு தீராத வழக்கு

எட்டி மரத்தைப் பார்த்திராதவர்கூட ‘எட்டிக்காயாய்க் கசக்கிறது’ என்று ஒருமுறையாவது சொல்லியிருப்பார். அந்தக் காய்க்குள் தட்டைப் பொத்தான் போல இருக்கும் கொட்டையில்தான் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு இருக்கிறது. 1818-ல் பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலர்கள் இதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அவர்கள் முதலில் எடுத்தது எட்டியின் பங்காளி மரம் ஒன்றின் கொட்டையிலிருந்து. ஆனால் பெரிய அளவில் வியாபாரத்துக்கு நின்றது எட்டிதான்.

அந்த நஞ்சு போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று கனடாவின் பிரெய்ரி. ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன், மனிட்டோபா ஆகிய மூன்று மாகாணங்களிலும் விரிந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளி அது. குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி அங்கே பேச்சுக்குரிய விஷயமே இல்லை. எட்டி மரம் ஒன்றுகூட முளைக்காத அந்த மண்ணில், நூறு ஆண்டுக்கு மேலாக எட்டியின் நஞ்சைத் தானியத்தில் தடவி வளைவளையாக வைத்தார்கள். எல்லாம் ஓர் அணிலுக்காக. 2023 மார்ச்சோடு அது சட்டப்படி நின்றது. அணில் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் காணாமல் போனவை வேறு பிராணிகள்.

அணில் என்றதும் நமக்கு வேப்ப மரமும், முதுகில் மூன்று கோடும், அதைப் போட்ட ராமர் விரலும் நினைவுக்கு வரும். இது அந்த அணில் இல்லை. கோடு கிடையாது, காய்ந்த புல்லின் நிறம். மரத்தின் பக்கம் போகாது. வளை தோண்டித் தரைக்குள் வாழும். வால் உட்பட ஓர் அடி நீளம் இருக்கும். ஏதாவது சத்தம் கேட்டால் பின்னங்காலில் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மாடு கட்ட அடித்த முளைக்குச்சி போலத் தெரியும். குதிரை கட்டும் முளைக்குச்சியின் பெயராலேயே அதை அழைத்தவர்களும் உண்டு.

பெயர் விஷயம் கொஞ்சம் குழப்பமானது. நூல்களில் இதன் பெயர் ரிச்சர்ட்சன் தரை அணில். ஜான் ரிச்சர்ட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஃபிராங்க்ளினின் ஆர்க்டிக் பயணக் குழுவோடு போனவர். சஸ்காச்சுவன் ஆற்றங்கரையில் கார்ல்டன் ஹவுஸ் என்ற வணிகக் கோட்டை இருந்தது. 1820-ல் அதன் அருகே கிடைத்த உடலை வைத்து, 1822-ல் ஜோசப் சபைன் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். ஊர்க்காரர்களுக்கு ரிச்சர்ட்சனும் தெரியாது, சபைனும் தெரியாது. அவர்களுக்கு இது ‘கோஃபர்’. வேடிக்கை என்னவென்றால், உண்மையான கோஃபர் வேறு பிராணி. கன்னத்தில் பை வைத்துக்கொண்டு மண்ணுக்கு மேலே தலைகாட்டாமல் வாழும் அதை ஆல்பர்ட்டா விவசாயிகள் ‘மோல்’ என்கிறார்கள். உண்மையான மோல் அதுவும் இல்லை. எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில், வாலை வெடுக்கென ஆட்டும் இந்த அணிலின் பெயரால் வடக்கு டகோட்டாவுக்கே ‘ஃபிளிக்கர்டெயில் மாநிலம்’ என்று செல்லப்பெயர். பக்கத்து மினசோட்டா ‘கோஃபர் மாநிலம்’. ஆனால் அங்கே கோஃபர் என்பது முதுகில் பதின்மூன்று கோடு ஓடும் இன்னொரு தரை அணில். இந்தக் கட்டுரையில் கோஃபர் என்றால் ரிச்சர்ட்சன் தரை அணில்தான். ஊர் வழக்கோடு போவோம்.

கோஃபரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதன் ஆண்டுக்கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை நமக்குத் துல்லியமாகச் சொன்னவர் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கெயில் மிச்சனர். தெற்கு ஆல்பர்ட்டாவில் ஒரே புல்வெளியில் ஆண்டுக்கு ஆண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அணிலுக்கும் முடியில் சாயக் குறியிட்டு, யார் எப்போது எழுந்தார்கள், யார் எப்போது தூங்கப் போனார்கள், யாருக்கு யார் மகள் என்று பல பத்தாண்டுகள் குறித்து வைத்தவர். ஓர் ஊரின் கணக்குப்பிள்ளை பொறுமையாக ஏடு எழுதுவது போன்ற வேலை அது.

அந்த ஏடு சொல்வது இது. பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ, பனி உருகி முடிவதற்கு முன்பே ஆண்கள் வெளியே வருகின்றன. அதற்குச் சுமார் ஒரு வாரம் முன்னதாகவே தரைக்கடியில் விழித்துக்கொண்டு, இலையுதிர் காலத்தில் சேர்த்து வைத்த விதைகளைத் தின்று உடம்பைத் தேற்றியிருக்கும். பெண்கள் வருவது ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து. அவற்றுக்குச் சேமிப்பு எதுவும் கிடையாது. வெளியே வந்த மூன்று முதல் ஐந்து நாளில் ஒவ்வொரு பெண்ணும் இணைசேரத் தயாராகும், அதுவும் ஒரே ஒரு பிற்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும். ஆண்டுக்கு அவ்வளவுதான். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காக ஆண்கள் கடித்துக் குதறிக்கொள்கின்றன. காயத்தாலும் களைப்பாலும் பல ஆண்கள் அந்த வசந்தத்தைத் தாண்டுவதில்லை. பெண்கள் நான்கைந்து ஆண்டு வாழக்கூடும்.

இருபத்து மூன்று நாள் கர்ப்பம். ஒரே ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை சாதாரணம். நான்கு வாரம் இருட்டில் பால் குடித்துவிட்டு மே மாதக் கடைசி வாக்கில் குட்டிகள் மேலே வரும். அப்போதுதான் புல்வெளி முழுக்க கோஃபராகத் தெரியும். ஆனால் அதற்குள்ளேயே, ஜூன் நடுவில், சுற்றிலும் பச்சைப் புல் செழித்திருக்க, வளர்ந்த ஆண்கள் தூங்கப் போய்விடுகின்றன! ஜூன் கடைசி, ஜூலையில் தாய்மார்கள். ஆகஸ்டில் அந்த ஆண்டுப் பெண் குட்டிகள். செப்டம்பர், அக்டோபர் வரை வெளியே திரிவது அந்த ஆண்டு பிறந்த ஆண் குட்டிகள் மட்டும். விதை சேர்க்க வேண்டுமல்லவா.

வளர்ந்த பெண் கோஃபர் ஆண்டில் ஏறத்தாழ எட்டு மாதம் தூங்குகிறது. கும்பகர்ணனே ஆறு மாதம்தான்.

அதுவும் சாதாரணத் தூக்கம் இல்லை. உடல் வெப்பம் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்துக்கு இறங்கிவிடும். நடுக்குளிர்காலத்தில் தொட்டால் கல்லைத் தொட்டது போலிருக்கும். இதயம் நிமிடத்துக்குச் சில தடவை துடிக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடல் தானாகச் சூடேறி, ஒரு நாளுக்கும் குறைவாக இயல்பு நிலையில் இருந்துவிட்டு மறுபடியும் குளிரும். சேர்த்த கொழுப்பில் பெரும்பங்கு செலவாவது இப்படி இடையிடையே சூடேறுவதற்குத்தான். இந்த விழிப்பு ஏன் அவசியம் என்பது நெடுந்துயில் ஆய்வாளர்களை இன்றும் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் கேள்வி.

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் பழமொழி. கோஃபர் பெண்கள் அதை அப்படியே பின்பற்றுகின்றன. ஊர் போலக் கூட்டமாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு தாய்க்கும் தனி வளை. ஆனால் அடுத்த வளை பெரும்பாலும் அக்கா தங்கையுடையதாகவோ மகளுடையதாகவோ இருக்கும். மகன்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். மகள்கள் தாய்வீட்டுப் பக்கத்திலேயே மனை பிடிப்பார்கள். சொந்தக்காரிகளுக்குள் சண்டை குறைவு. வெளியாள் வந்தால்தான் துரத்தல்.

கூட்டமாக இருப்பதில் ஒரு பலன் உண்டு: யாராவது கத்துவார்கள். பருந்தைக் கண்டால் ஒரு குரல், தரையில் வரும் பகைக்கு வேறு குரல். 2004-ல் மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் டேவிட் வில்சனும் ஜேம்ஸ் ஹேரும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சில நேரம் கோஃபர் வாயைத் திறந்து கத்துகிற தோரணையில் நிற்கிறது, ஆனால் காற்று மட்டும்தான் வருகிறது. கருவி வைத்துக் கேட்டபோது அது சும்மா காற்று இல்லை. ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸில் ஒரு கூச்சல். மனிதக் காது எட்டுவது 20 வரைதான். அந்த அளவு உயர்ந்த ஒலி தூரம் போகாது. பக்கத்திலிருக்கும் சொந்தக்காரிக்கு மட்டும் கேட்கும், தூரத்தில் பறக்கும் பகைக்குக் கேட்காது. ரகசியமாகக் கத்துவது என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

பகைவர் பட்டியல் பெரிது: பருந்துகள், குள்ளநரி போன்ற கயோட்டி, மரநாய் இனத்து வீசல், பிரெய்ரி விரியன் பாம்பு. எல்லாரிலும் தேர்ந்தது பேட்ஜர். நம் ஊரில் நேர் இணை இல்லாத பிராணி. குட்டையான கால், மண்வெட்டி போன்ற நகம், முகத்தில் வெள்ளைக் கோடு. தூங்கும் கோஃபரைத் தோண்டி எடுப்பதுதான் இதன் இலையுதிர் கால வேலை. வளைக்கு எத்தனை வாசல் என்று பார்த்து, சிலவற்றை மண்ணால் அடைத்துவிட்டு மிச்சமிருக்கும் வழியில் தோண்டும். ஒரு பேட்ஜர் பக்கத்தில் கிடந்த மரக்கட்டை போன்ற பொருள்களை இழுத்து வந்து வாசலை அடைத்ததையும் மிச்சனர் பதிவு செய்திருக்கிறார். நம்மூரில் எலி பிடிப்பவர்கள் வயலில் ஒரு வளையை அடைத்து இன்னொன்றில் புகை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதாக இருக்காது.

சரி, மனிதர் எங்கே வருகிறார்கள்?

கோஃபருக்குப் பிடித்தது குட்டைப் புல். நிமிர்ந்து நின்றால் நாலா பக்கமும் தெரிய வேண்டும். முழங்கால் உயரப் புல்லுக்குள் அது கண்கட்டி விட்டது மாதிரி. ஐரோப்பியர் வருவதற்கு முன்பு குட்டைப் புல்லை உண்டாக்கியது காட்டெருமைக் கூட்டங்கள். மேய்ந்துவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும்; பின்னால் புல் மறுபடியும் வளரும். 1880களுக்குள் காட்டெருமை அநேகமாக முடிந்துபோனது. 1872-ன் நிலச் சட்டம் 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. 1885-ல் ரயில் பாதை நாடு முழுக்க இணைந்தது. குடியேறிகள் வந்து இறங்கினார்கள். புல்வெளியின் பெரும்பகுதி உழப்பட்டது. மிச்சத்தில் வேலி போட்டு மாடு கட்டினார்கள். வேலிக்குள் இருக்கும் மாடு நகர்ந்து போக முடியாது, ஒரே இடத்தை மொட்டையாக மேயும். அந்த மொட்டை மேய்ச்சல் நிலத்துக்குப் பக்கத்திலேயே இளங்கோதுமை. கோஃபருக்கு இதைவிட நல்ல வீட்டுமனையை யாரும் போட்டுக் கொடுக்க முடியாது: படுக்க மொட்டை நிலம், தின்ன அடுத்த வயல்.

விவசாயியின் கோபம் பொய்யில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோஃபர் நம் அணிலைப் போல ஒரு கொய்யாவைக் கடித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. வயல் ஓரத்திலிருந்து உள்நோக்கி முளைப்பயிரை வரிசையாக அறுத்துக்கொண்டே போகும். கனோலா, கோதுமை, குதிரை மசால் எதுவானாலும் சரி. வறட்சி ஆண்டில் முளைத்ததே கொஞ்சமாக இருக்கும்போது அந்த ஓரம் முழுக்கக் கட்டாந்தரையாகிவிடும். வளை வாசலில் குவித்த மண் அறுவடை எந்திரத்தின் கத்தியைக் கெடுக்கும். வங்கிக் கடனில் விதை வாங்கியவர் அல்ட்ராசவுண்ட் கூச்சலை ரசித்துக்கொண்டிருக்க முடியாது.

அதனால் போர் சீக்கிரமே தொடங்கியது, முதலில் வாலுக்குக் காசு. கோஃபரைக் கொன்று வாலை அறுத்துக் கொண்டுவந்தால் உள்ளாட்சி ஒரு வாலுக்கு ஒரு சென்ட் அளவில் கொடுக்கும். வாங்கியவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். வளைக்குள் தண்ணீர் ஊற்றி, வாசலில் சுருக்குக் கயிறு வைத்துக் காத்திருப்பது பிரெய்ரியில் வளர்ந்த பல தலைமுறைகளின் பால்ய நினைவு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது சஸ்காச்சுவன் அரசு இதை ஒரு இயக்கமாகவே ஆக்கியது. 1917 மே 1 ‘கோஃபர் தினம்’ என்று அறிவித்துப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். போர்முனைக்குப் போக வேண்டிய கோதுமையைக் கோஃபர் தின்னலாமா என்பது வாதம். கிட்டத்தட்ட ஆயிரம் பள்ளிகள் சேர்ந்தன. கொன்ற கணக்கு 5 லட்சத்தைத் தாண்டியது.

5 லட்சம் என்பது பெரிய எண். ஆனால் மேலே சொன்ன ஆண்டுக்கணக்கை வைத்துப் பார்த்தால் வாலுக்குக் காசு கொடுப்பதில் இருக்கும் ஓட்டை தெரியும். ஒரு தாய்க்கு ஏழு குட்டி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் அணில் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் இருக்கிறதென்றால், அவள் வாழ்நாள் முழுக்கப் பெற்ற அத்தனை குட்டிகளிலும் அவளிடத்தை நிரப்ப ஒரே ஒரு மகள் தப்பினால் போதும். மற்றவை எப்படியும் பருந்துக்கோ பேட்ஜருக்கோ குளிருக்கோ போகிறவை. ஜூனில் சிறுவன் எளிதாகப் பிடிப்பது அந்தக் குட்டிகளைத்தான். குட்டி வாலுக்கும் ஒரு சென்ட், தாய் வாலுக்கும் ஒரு சென்ட் என்றால் அவன் ஏன் தாயைத் தேடி அலையப் போகிறான்? எண்ணிக்கையை உண்மையில் குறைக்க வேண்டுமென்றால் ஏப்ரலுக்கு முன் தாய்களைப் பிடிக்க வேண்டும். அப்போதோ தரையில் பனி, பிள்ளைகள் வகுப்பில். மார்ச்சில் முதலில் தலைநீட்டும் ஆண்களைச் சுட்டாலும் பெரிய பயனில்லை. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு ஆண்கள் போதும். ஆக, வால் குவிந்தது. அடுத்த வசந்தத்தில் கோஃபரும் குவிந்தது. இந்தப் பாடம் யாருக்கும் ஏறியதாகத் தெரியவில்லை. 2002-ல்கூட சஸ்காட்டூன் பக்கம் வால் எண்ணிக்கைக்குப் பரிசு வைத்துப் போட்டி நடத்தினார்கள்.

1930களில் மழை பொய்த்து மண் புழுதியாகப் பறந்த ஆண்டுகளில் கணக்கு இன்னொரு திருப்பம் எடுத்தது. பயிர் இல்லை, மாட்டுக்குத் தீவனம் இல்லை, ஆனால் குட்டைப் புல்லில் கோஃபர் மட்டும் ஏராளம். சஸ்காச்சுவனில் பல குடும்பங்கள் அதைப் பிடித்துக் குழம்பு வைத்தார்கள், ஊறுகாய் போலப் பாட்டிலில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பயிரைத் தின்றவனைத் தின்பது என்று யாராவது ஒரு கிழவர் சிரித்திருப்பார்.

வாலுக்குக் காசு ஒரு பக்கம் இருக்க, பெரிய ஆயுதம் எட்டியின் நஞ்சுதான். ஸ்ட்ரிக்னின் என்ன செய்கிறது என்றால், தண்டுவடத்தில் தசைகளை ‘போதும், தளர்’ என்று சொல்லும் சமிக்ஞையை அடைத்துவிடுகிறது. அடக்க ஆளில்லாமல் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகும். மூச்சுத் தசையும் இறுகிப்போய்ப் பிராணி மூச்சுமுட்டிச் சாகும். நினைவு தப்பாமலே நடக்கிற சாவு என்பதால் கொடூரமான நஞ்சுகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

கொடூரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நஞ்சு எங்கே நிற்கும் என்ற பிரச்சினை. நஞ்சு தடவிய தானியத்தை வளைக்குள் போட வேண்டும் என்பது விதி. தானியம் தின்னும் பறவைக்கு அந்த விதி தெரியாது. கோஃபர் வளைக்குள்ளேயே செத்தால் பரவாயில்லை, வெளியே வந்து செத்தால் அந்த உடலைப் பருந்தோ நரியோ தூக்கும். வயிற்றில் செரிக்காத தானியமும் சேர்ந்தே போகும். கோஃபரே செத்த கோஃபரைத் தின்னும் பழக்கம் உள்ளது என்பது வேறு. சாலையில் அடிபட்ட ஒன்றைத் தின்ன வந்து அடுத்தது அடிபடுவதைப் பிரெய்ரி நெடுஞ்சாலைகளில் காணலாம்.

ஸ்விஃப்ட் நரி என்று ஒன்று இருந்தது. வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும், அழகான பிராணி. ஓநாய்க்கும் கயோட்டிக்கும் கோஃபருக்கும் வைத்த நஞ்சும், பொறியும், உழுத நிலமும் சேர்ந்து 1930களோடு கனடாவில் அதைத் துடைத்துவிட்டன. 1983-லிருந்து வளர்ப்பிலும் அமெரிக்காவிலும் இருந்த நரிகளைக் கொண்டுவந்து விட்டு, மெல்ல மெல்ல மீட்டிருக்கிறார்கள். தரையில் வளைக்குள் குடியிருக்கும் வளை ஆந்தைக்கும் கோஃபர் தேவை. தானே தோண்டுவதைவிட கோஃபரோ பேட்ஜரோ விட்டுப்போன வளையில் குடியேறுவதுதான் அதன் வழக்கம். கனடாவில் அது இன்று அழியும் நிலையில் இருக்கும் பறவை. ஃபெருஜினஸ் பருந்து என்ற செந்துருநிறப் பெரும்பருந்து ஆல்பர்ட்டாவில் பிள்ளை வளர்ப்பதே கோஃபர் கறியை வைத்துத்தான். ஒரு கூட்டுக்கு ஒரு கோடையில் நூற்றுக்கணக்கில் பிடிக்கும். அதுவும் அபாயப் பட்டியலில்.

இங்கேதான் இந்த வழக்கின் முடிச்சு. கோஃபர் ஆண்டுக்கு ஏழெட்டுக் குட்டி போடும். ஓர் ஆண்டில் அந்தக் குட்டியே தாயாகும். பருந்து மூன்று நான்கு முட்டை இடும், சில ஆண்டு காத்துத்தான் இனப்பெருக்கம் செய்யும். இருவரும் ஒரே நஞ்சில் அடிபட்டால் யார் சீக்கிரம் எழுந்து நிற்பார்? அடுத்த ஆண்டு கோஃபர் திரும்பி வரும்போது அதைப் பிடிக்க வேண்டிய ஆள் இருக்க மாட்டார். விவசாயி சம்பளம் இல்லாத தன் வேலையாட்களைத் தானே தீர்த்துக்கட்டியிருப்பார். ‘கோஃபர் கூடிவிட்டது, இன்னும் நஞ்சு கொடுங்கள்’ என்ற குரல் ஒவ்வொரு வறட்சியிலும் எழுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

1990களில் நஞ்சுக்குக் கட்டுப்பாடு இறுகியது. 2000களின் தொடக்கத்தில் வறட்சி வந்து கோஃபர் பெருகியதும் அவசர அனுமதி என்று மறுபடி தளர்ந்தது. கடைசியில் 2020 மார்ச்சில், கனடா சுகாதாரத் துறையின் கீழுள்ள பூச்சிமருந்து ஒழுங்குமுறை அமைப்பு, தரை அணிலுக்கு ஸ்ட்ரிக்னின் பயன்படுத்தும் அனுமதியை ரத்து செய்தது. குறிவைக்காத உயிர்களுக்கு, அதிலும் அழியும் நிலையில் உள்ளவற்றுக்கு, ஆபத்து ஏற்க முடியாதது என்பது காரணம். மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்துப் படிப்படியாக நிறுத்தி, 2023 மார்ச் 4-ஐப் பயன்பாட்டின் கடைசி நாளாக வைத்தார்கள். விவசாயிகளுக்கு முடிவு எட்டிக்காயாய்க் கசந்தது. மற்ற மருந்துகள் இருக்கின்றன: நம்மூர் எலி மருந்தில் வரும் துத்தநாகப் பாஸ்பைடு, ரத்தம் உறையவிடாமல் செய்யும் வகைகள். ஒன்றைத் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும், இன்னொன்று மெதுவாகக் கொல்லும், எதுவும் எட்டி மாதிரி இல்லை என்பது அவர்கள் புகார். ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து தின்ற கோஃபர் சாவதற்குப் பல நாள் எடுக்கும். அதுவரை தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும், பருந்துக்கு அதைவிட எளிய இரை இல்லை. எட்டியை எடுத்துவிட்டு இதை வைத்தால் பருந்துக்கு விமோசனம் என்று சொல்லிவிட முடியாது.

மலிவான வைத்தியம் ஒன்று உண்டு, ஆனால் அதைக் கடையில் விற்க முடியாது: புல்லை வளரவிடுவது. மாட்டை ஒரே இடத்தில் விடாமல் மாற்றி மாற்றி மேய்த்து, மேய்ச்சல் நிலத்தில் புல் உயரமாக நின்றால் கோஃபர் தானாகவே குறைந்துவிடும். மரமே இல்லாத வெளியில் கம்பம் நட்டு மேலே பலகை வைத்தால் பருந்து கூடு கட்டும். அப்படிச் செய்த பண்ணைகளும் இருக்கின்றன. பேட்ஜரைக் கண்டவுடன் சுடாமல் இருந்தால் போதும். ஆனால் பேட்ஜர் தோண்டும் குழி கோஃபர் குழியைவிடப் பெரிது, மாட்டுக்காரருக்கு அதுவும் எரிச்சல். வறட்சியில் புல்லே முளைக்காதபோது ‘புல்லை வளரவிடுங்கள்’ என்று ஆலோசனை சொல்பவரை எந்த விவசாயியும் காப்பி குடிக்கக் கூப்பிட மாட்டார். அப்புறம், கோஃபர் பண்ணையில் மட்டும் இல்லை. கால்கரியிலும் ரெஜைனாவிலும் விளையாட்டுத் திடல், பூங்கா, கல்லறைத் தோட்டம் என்று புல்லை ஒட்ட வெட்டி வைத்த இடமெல்லாம் அதற்குக் காட்டெருமை மேய்ந்த நிலம்தான். ஆல்பர்ட்டாவில் சட்டப்படி இது ‘தொல்லை’ என்ற பட்டியலில் இருக்கிறது. அதே அணிலை ஜப்பானில் கூண்டில் வைத்துச் செல்லமாக வளர்க்கிறார்கள்.

கால்கரிக்கு வடகிழக்கே டோரிங்டன் என்று ஒரு சின்ன ஊர். இருநூறு பேர்கூட இல்லை. ஊருக்கு யாரையாவது வரவழைக்க வேண்டுமே என்று யோசித்து, 1996-ல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். உள்ளே பஞ்சடைத்த கோஃபர்கள். சும்மா வரிசையாக இல்லை; சட்டை, தொப்பி போட்டு, சின்னச் சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊரையே நடத்துகின்றன. ஒன்று முடிதிருத்துகிறது, ஒன்று தேவாலயத்தில் நிற்கிறது, ஒன்று சிவப்புச் சட்டைப் போலீஸ். பீட்டா அமைப்பு எதிர்ப்புக் கடிதம் எழுதியது. ஊரிலிருந்து போன பதில் ஒரே வரி: நீங்களும் போய்ப் பஞ்சடைத்துக்கொள்ளுங்கள். அங்கத்திய பேச்சில் ‘போய்த் தொலை’ என்பதற்கும் அதே சொல்தான். அந்தச் சண்டை செய்தியாகி, அருங்காட்சியகத்துக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது. நகரத்து ஆளுக்கு அது அருவருப்பு. ஊர்க்காரருக்கு அது தங்கள் ஊரைப் பற்றிய கேலியும் பாசமும் கலந்த ஏதோ ஒன்று. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது.

வாலுக்குக் காசு கொடுத்த அதே சஸ்காச்சுவனின் கனடிய வகைக் கால்பந்து அணி ரஃப்ரைடர்ஸ். 1977 முதல் அதன் சின்னம் கெய்னர் என்ற கோஃபர். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, பெரிய பல்லோடு மைதானத்தில் ஆடும். ரெஜைனாவில் ஆட்டம் பார்க்க வரும் விவசாயி காலையில் தன் வயலோரத்தில் துப்பாக்கியோடு நின்றிருக்கலாம். மாலையில் கெய்னரைக் கண்டதும் எழுந்து கைதட்டுவார். 2019-ல் அணி நிர்வாகம் கெய்னருக்குப் புது முகம் கொடுத்தது: மெலிந்த உடம்பு, முறைக்கும் பச்சைக் கண்கள். மாகாணமே கொதித்தது. எங்கள் கோஃபரை என்ன செய்துவிட்டீர்கள் என்று ரசிகர்கள் போட்ட சத்தத்தில், அந்த முகத்தை மறுபடியும் மாற்ற வேண்டியதாயிற்று.